காக்கா ஆழி

(திருவொற்றியூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



உயிரியலைப் பற்றிப் பேசத் தமிழாசிரியன் ஒருவனை ஏன் அழைத்தார்கள் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அழைப்பு வந்த அன்று எனக்கும் அவ்வெண்ணமே எழுந்தது. 'உயிரியலில் புத்தாய்வுகள்' என்று பொதுத் தலைப்பைக் கொடுத்து, 'எதை வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். பிளெமிங் 1928-இல் பூஞ்சையிடத்தே பென்சிலினைக் கண்டதையும், வாட்சனும் கிரிக்கும் 1953-இல் மரபிழையின் இரட்டைச் சுருளை வெளியிட்டதையும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டுவதில்லை. அவை நம் பிள்ளைகளின் பாடநூல்களிலேயே உள்ளன. ஆகவே, இம்மன்றத்திலிருந்து வடக்கே பேருந்தேறினால் அரைமணியில் எட்டிவிடக்கூடிய எண்ணூர்க் கழிமுகத்தில் இன்று நடந்துகொண்டிருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அங்கே அயற்கடலிலிருந்து ஒரு சிப்பி வந்து குடிபுகுந்துள்ளது. உயிரியலார் அதனை ஆராய்கின்றனர். முறைமன்றம் அதனைப் பற்றி உசாவியுள்ளது. நாளிதழ்கள் எழுதியுள்ளன. ஆயின் அதற்குத் தமிழில் ஒரு பெயர் உண்டென்பதும், அப்பெயரை இட்டவர் யாரென்பதும் நம்மிற் பலர் அறியாதவை.

எனக்கு அதனை அறிவித்தவன் என் மாணவன். சில ஆண்டுகளுக்கு முன், எண்ணூர்ப் பக்கத்துக் குப்பமொன்றிலிருந்து வரும் பிள்ளை, ஒரு நெகிழிப்பையில் கைப்பிடி அளவு சிப்பிகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் கொட்டினான். விரல் நீளமும் இராச் சிறு சிப்பிகள். ஒன்றோடொன்று மெல்லிய இழைகளாற் பின்னிக் கிடந்தன.

"ஐயா, இது எங்க ஆத்துல புதுசா வந்திருக்குது. காக்கா ஆழின்றாங்க. புத்தகத்துல இதுக்கு இன்னா பேருங்கய்யா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் தனித்தமிழ்க்காரன், சொல் இல்லாத இடத்தில் சொல் படைக்கும் பழக்கம் உடையவன். "கருஞ்சிப்பி என்று எழுதிக்கொள்" என்றேன். அவன் பையிலிருந்த சிப்பிகளைக் கிளறிப் பார்த்தான். "எல்லாமே கருப்பு இல்லீங்கய்யா. இதப் பாருங்க, பச்சையா கீது. இது பழுப்பு" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது?

பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பிள்ளையின் பாட்டனாரைக் கழிமுகக் கரையிற் கண்டேன். அறுபது ஆண்டுகளாக அந்நீரில் இறங்கியவர். அவரிடம் நான் 'சிப்பி' என்று பேச்செடுத்தவுடன், "எந்தச் சிப்பி, வாத்யாரே?" என்று கேட்டார். அவர் கணக்கில் சிப்பி என்பது ஒன்றன்று. மண்ணுக்குள் புதைந்து கிடப்பது மட்டி. கல்லிலும் கட்டையிலும் ஒட்டிக்கொள்வது ஆழி. புதிதாய் வந்தது ஒட்டுகின்றது, ஆகவே ஆழி. மட்டி கிடக்கும் சேற்றின் மேலேயே பாய் விரித்தாற்போல் ஒட்டிப் படர்கின்றது. ஆகவே முன்பிருந்த ஆழி அன்று, வேறு. அவருடைய இரண்டே சொற்றொடர்களில் உறைவிடம், ஒட்டும் இயல்பு, வேற்றினம் என்னும் மூன்று செய்திகளும் அடங்கிவிட்டன. என் கருஞ்சிப்பியில் நிறம் ஒன்றே இருந்தது, அதுவும் பிழை.

சொல்லைப் பற்றி ஒன்று கூறிவிட்டு மேலே செல்கின்றேன். ஆழி என்பது கடலையும், உருளையையும், கைவிரல் மோதிரத்தையும் குறிக்கும் பழஞ்சொல். கரையோர வழக்கில் சிப்பிவகைக்கும் அது வழங்குகின்றது. ஆழியா, ஆளியா என்று நண்பர் ஒருவர் என்னோடு வழக்காடுகின்றார். குப்பத்தார் நாவில் ழகரம் தேய்ந்தே ஒலிப்பதால் செவியைக் கொண்டு முடிவு கட்ட முடியவில்லை. நாளிதழ்கள் ஆழி என்று எழுதுகின்றன. நானும் அவ்வாறே எழுதுகின்றேன். மாற்றுக் கருத்துடையோர் மடல் விடுக்கலாம். காக்கா என்பது காக்கையின் நிறத்தை நோக்கியதா, வேறு கரணியம் உண்டா என்பதைப் பாட்டனாரும் சொல்லவில்லை. "எல்லாரும் அப்டித்தான் சொல்றோம்" என்றார். அவ்வளவு போதும்.

இனி, உயிரியலார் அதனை என்னவென்று அழைக்கின்றனர்? மைட்டெல்லா இசுட்ரிகாட்டா என்பது அதன் இலத்தீனப் பெயர். 1843-இல் ஏன்லி என்பவர் இட்டது. இதே சிப்பிக்கு ஆர்பிக்னி என்னும் பிரெஞ்சு அறிஞர் இட்ட மைட்டெல்லா சார்ருவானா என்னும் பெயரே நெடுநாள் வழங்கிற்று. அண்மையில் சிங்கப்பூரில் இச்சிப்பியை ஆராய்ந்தோர், இரு பெயர்களும் ஓருயிரையே சுட்டுவதையும் ஏன்லியின் பெயரே முந்தியது என்பதையும் 2018-இல் எடுத்துக்காட்டினர். முந்திய பெயரே நிற்கும் என்பது உயிரியலாரின் பெயரிடு நெறி. நல்ல நெறிதான்.

அதன் பிறப்பிடம் நடு அமெரிக்கா, தென்னமெரிக்கா ஆகியவற்றின் வெப்பக் கடற்கரைகள். அங்கிருந்து புறப்பட்டு அது சென்ற வழியைப் பாருங்கள். 1986-இல் வட அமெரிக்கப் புளோரிடாவின் சாக்சன்வில் நகரில், மின்னாக்க நிலையம் ஒன்றின் கடல்நீர்க் குழாய்களில் காணப்பட்டது. அடுத்த ஆண்டே மறைந்தது; குளிர் கொன்றது என்பர். 2004-இல் அதே புளோரிடாவில் மீண்டும் தோன்றியது. 2014-இல் பிலிப்பைன்சின் மணிலா வளைகுடாவிலும் 2016-இல் சிங்கப்பூரிலும் காணப்பட்டது. நம் தென்னாட்டில் கொச்சி, அட்டமுடிக் காயல்களில் அது புகுந்துள்ளதைக் கேரள ஆய்வாளர் 2019-இல் வெளியிட்டனர். அட்டமுடி மட்டிவளத்துக்குப் பெயர்பெற்ற காயல் என்பதை நினைவிற் கொள்க. அதன்பின் நம் கொற்றலை ஆறு கடல்சேரும் எண்ணூரிலும், அதற்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியிலும் அது பெருகியது. அதன் பகை குளிர் ஒன்றுதான். எண்ணூரில் குளிர் ஏது?

அதன் உடலமைப்பைச் சிறிது கூறவேண்டும். உயிரியல் என்று தலைப்பிட்டு அதை விடுவது முறையன்று. இச்சிப்பியின் காலடியில் ஒரு சுரப்பி உண்டு. அது சுரக்கும் நீர்மம் நீருக்குள்ளேயே இறுகி இழையாகின்றது. அவ்விழைகளால் சிப்பி கல்லையும், கட்டையையும், கப்பலின் அடியையும், தன் இனத்தையே கூடப் பற்றிக்கொள்கின்றது. நம் வீட்டுப் பசை எதுவும் நனைந்த பரப்பில் ஒட்டாது. சிப்பிப்பசை மட்டும் அலையடிக்கும் உப்புநீரில் எவ்வாறு ஒட்டுகின்றது? எர்பர்ட்டு வெயிட்டு என்னும் அமெரிக்க ஆய்வாளர் நீலச்சிப்பியின் பசைப்புரதத்தைப் பிரித்தெடுத்து, அதில் 'தோப்பா' என்னும் பொருள் மிகுந்திருப்பதை 1981-இல் கண்டு வெளியிட்டார். அறுத்த புண்ணைத் தைக்காமல் ஒட்டும் மருத்துவப் பசைகளை உருவாக்கும் ஆய்வுகள் இன்று உலகெங்கும் நடப்பதற்கு வித்திட்ட கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. வலையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிச் சுரண்டிக் கை வெடித்த பெண்டிர் இக்கூட்டத்தில் இருக்கின்றனர். அப்பசையின் வலிமையை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டா.

மற்றொன்று இன்னும் வியப்பு. காக்கா ஆழி தன் பாலை மாற்றிக்கொள்ளும். உணவு குறைந்து பட்டினி நேர்ந்தால் பெண் சிப்பிகள் ஆணாக மாறுவதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. முட்டையை ஆக்குவதற்கு உடல்வளம் மிகுதியாக வேண்டும். ஆணின் விந்தை ஆக்குவதற்குச் சிறிதே போதும் என்று இதற்கு விளக்கம் தருகின்றனர். உப்பையும் அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. சிறிது சிறிதாகப் பழக்கினால் 2 பங்கிலும் 40 பங்கிலும் இது உயிர் வாழும். மழைக்காலத்தில் வெள்ளம் புரண்டு நன்னீராகவும், கோடையில் கடலினும் கரிப்பாகவும் மாறும் கழிமுகத்துக்கு இதனினும் பொருந்திய குடியேறி வேறு யாது?

இத்தகைய உயிர் எண்ணூரில் என்ன செய்கின்றது? சேற்றின்மேல் பாயாகப் படர்கின்றது. பாயின் இழைகளில் வண்டல் சிக்கித் தங்குகின்றது. அடியிலிருந்த மட்டி மூச்சு முட்டி மடிகின்றது. வெள்ளை இறால் சேற்றைக் கிளறி இரைதேடுவது. பகலில் சேற்றிற் புதைந்து கிடப்பது. பாய் மூடிய சேற்றில் அது எங்கே புதையும்? கழிமுகத்தில் இறால் பிடிப்போருள் வலையும் படகும் இல்லாத ஏழைகள் பலர். மார்பளவு நீரில் தவழ்ந்து, ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லாற் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலைப் பற்றுவோர் அவர்கள். இருளர்குடியினர் இதில் தேர்ந்தவர். அக்கைகள் இன்று தடவுவது சேற்றை அன்று, கூர்மையான சிப்பி விளிம்புகளை. கையும் முழங்காலும் கிழிகின்றன, பறியோ நிறைவதில்லை.

எண்ணூர்க்கு இது முதல் துன்பம் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், அதன் பின்வந்த வடசென்னை அனல்மின் நிலையம், அவற்றின் நிலக்கரிச் சாம்பல், மணலித் தொழிற்சாலைகளின் கழிவுகள், அலையாத்திக் காட்டை அழித்து மேடாக்கிய நிலம் ஆகிய எல்லாம் இச்சிப்பிக்கு முன்னரே வந்தவை. 2023 திசம்பரில் மிச்சாங்குப் புயல்வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பரவியபோது, குப்பத்து இளைஞர்கள் வாளியும் வெறுங்கையுமாக அதனை அள்ளியதை நீங்கள் கண்டீர்கள். எல்லாப் பழியையும் சிப்பியின் தலையில் ஏற்றிவிட்டுச் சாம்பலை மறந்துவிட யாரேனும் முயன்றால் அதற்கு நாம் இசையலாகாது. நலிந்த நீர்நிலையில் வந்தேறி உயிர்கள் எளிதில் வேரூன்றும் என்று உயிரியலாரும் கருதுகின்றனர்.

சிப்பிக்குக் காலில்லை, சிறகில்லை. பன்னீராயிரம், பதினையாயிரம் புதுக்கல் கடந்து எவ்வாறு வந்தது? கப்பல்வழி என்றே ஆய்வாளர் ஐயுறுகின்றனர். சரக்கை இறக்கிவிட்ட கப்பல் வெறுமையாய் மிதந்தால் கவிழும். ஆகவே நின்ற துறையிலேயே கடல்நீரை வயிற்றில் ஏற்றிக்கொண்டு புறப்படும். அடுத்த துறையில் சரக்கு ஏற்றுகையில் அந்நீரைக் கொட்டும். பாலாசுட்டு நீர் என்று துறைமுகத்தார் வழங்குவது அதுவே. நான் அதனை நிலைப்புநீர் என்று எழுதி வருகின்றேன். இராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளர் இதனினும் நல்ல சொல்லை வைத்திருந்தால் அதற்கு என் சொல்லை விட்டுக்கொடுக்க அணியமாயிருக்கின்றேன். அந்நீரில் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக்குஞ்சுகள் கிழமைக்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும். தாய்ச்சிப்பி கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டே வருவதும் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்து 2001 முதல் காமராசர் துறைமுகமும், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்குகின்றன. எந்தக் கப்பல், எந்த நாள் என்று எவரும் சுட்ட இயலாது.

நிலைப்புநீரை ஆழ்கடலில் மாற்றவும், பின்னர்த் தூய்மை செய்தே வெளியேற்றவும் வேண்டும் என்னும் அனைத்துலக உடன்படிக்கை 2004-இல் உருவாகி 2017 செபுதம்பரில்தான் செயலுக்கு வந்தது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் எத்தனை துறைகளில் எத்தனை உயிர்கள் இறங்கினவோ!

இங்கேதான் நான் சொல்ல வந்ததை அடைகின்றேன். இரண்டு துறைகளின் கதையைக் கேளுங்கள். கரீபியக் கடற்புறத்தைச் சேர்ந்த மற்றொரு சிப்பி, மைட்டிலாப்சிசு சல்லை என்பது, 1967-இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் காணப்பட்டது. கண்டறியப்படும் முன்னரே அது அங்கு நன்கு வேரூன்றியிருந்தது. பின்னர் மும்பைக்கும் பரவியது. இன்றளவும் நம் நாட்டுத் துறைகளை விட்டு அது போகவில்லை. அதே சிப்பி 1999 மார்ச்சில் ஆசுத்திரேலியாவின் தார்வின் நகரத்துப் படகுத்துறைகளில் தென்பட்டது. அந்நாட்டார் மூன்று படகுத்துறைகளை அடைத்து, குளோரினும் மயில்துத்தமும் கொட்டி, ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் அதனை அடியோடு ஒழித்தனர். பிற உயிர்களும் உடன் மாண்டன. அதை மறைக்க வேண்டா. அடைக்கத்தக்க மதகு உடைய சிறு துறைகளாய் இருந்ததும் அவர்களுக்கு வாய்த்தது. ஆயினும் அவர்களால் அவ்வளவு விரைந்து செயற்பட முடிந்ததற்கு வேறொரு கரணியமும் உண்டு. 1998-இல் அத்துறைகளில் ஓர் ஆய்வு நடத்தி, என்னென்ன உயிர்கள் உள்ளன என்று பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். அப்பட்டியலில் இச்சிப்பி இல்லை. ஆகவே கண்டவுடனே, 'இது புதிது, ஓராண்டுக்குள் வந்தது, இன்னும் பரவியிராது' என்று அறிந்தார்கள்.

எண்ணூர்க்கு அத்தகைய பட்டியல் இருந்ததா? இருந்தது, தாளில் அன்று. கழிமுகத்தின் ஒவ்வொரு சேற்றுத்திட்டிலும் எது கிடக்கும், எது கிடக்காது என்று குப்பத்தார் அறிவர். புதிய ஆழி வந்த அன்றே அவர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் பெயரிட்டார்கள். கேட்டவரிடமெல்லாம் சொன்னார்கள். ஆயின் அது நாளேட்டிலும், 2023-ஐ ஒட்டித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டில அமர்விலும் பேசப்பட்ட பொழுது, கழிமுகத்தின் பெரும்பரப்பைப் பாய் மூடிவிட்டிருந்தது. தார்வின் துறையில் ஆய்வாளரின் ஏடு செய்ததை இங்கே அவர்களின் வாய்மொழி செய்திருக்கக் கூடும். அதனை ஏட்டில் ஏற்றுவார் இலர்.

நம் முன்னோர் இத்துறையில் கண்மூடி இருந்தவர் அல்லர். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் அடுக்குகையில், ஊறும் சுவையும் அறியும் ஈரறிவுயிர் வரிசையில் நந்தையும் முரளையும் வைத்தது. சங்கும் நத்தையும் நந்தின்பாற்படும் என்றும், இப்பியும் கிளிஞ்சிலும் ஏரலும் முரளின்பாற்படும் என்றும் உரை வகுத்தனர். ஒற்றை ஓட்டுயிரும் இரட்டை ஓட்டுயிரும் வேறுவேறு கூட்டம் என்பதை அவ்வுரை உணர்ந்திருக்கின்றது. இற்றை உயிரியலும் அவ்வாறே பிரிக்கின்றது. இதைச் சொன்னவுடன் கைதட்டுகின்றீர்கள். சற்றே பொறுங்கள். இரட்டை ஓட்டுயிர்களுள் விசிறிச்சிப்பிக்கு ஓட்டின் விளிம்பெல்லாம் கண்கள் உண்டென்று இன்று அறிந்துள்ளோம். ஈரறிவென்னும் வரம்பு அங்கே நில்லாது. பழைய நூல் எல்லாம் அறிந்திருந்தது என்று மார்தட்டுவதில் எனக்கு ஒருப்பாடில்லை. அந்நூலார் கரைக்குச் சென்று பார்த்தனர். கரையிலுள்ளார் வழங்கிய சொல்லை நூலுக்குள் கொண்டுவந்தனர். நாம் அதனைச் செய்கின்றோமா?

நம் இயக்கத்தாரையே கேட்கின்றேன், என்னையும் சேர்த்துத்தான். அகரமுதலிகளைப் புரட்டி வேர்ச்சொல் ஆய்ந்து அறிவியற் சொற்களைப் படைக்கின்றோம். அது வேண்டும். ஆனால் பத்துக் கல் தொலைவில் நாள்தோறும் வழங்கும் சொற்களை, படிப்பில்லாதார் பேச்சென்று நாமும் ஒதுக்கினோம். ஆங்கில வழியில் கற்ற உயிரியலார் அதனை அறியாமல் விட்டனர். தமிழ்வழியில் கற்ற நாம் அறிய முயலாமல் விட்டோம். இவ்விரண்டில் எது பெரும்பிழை என்று நான் எடைபோடப் போவதில்லை. சேற்றில் கை கிழிபடுவோர்க்கு இரண்டும் ஒன்றே.

அண்மையில் அப்பிள்ளையும் அவனுடைய தோழர் இருவருமாக ஓர் ஏடு தொடங்கியுள்ளனர். இடப்பக்கத்தில் உயிரின் பெயர், குப்பத்தார் சொல்கின்றபடியே. வலப்பக்கத்தில் எங்கே கிடைக்கும், எந்தத் திங்களில், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. இலத்தீனப் பெயரை உயிரியல் ஆசிரியர் ஒருவர் பார்த்து நிரப்பித் தருகின்றார். நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்துகின்றேன், சொல்லைத் திருத்துவதில்லை. முதற்பக்கத்தில் மட்டி, இரண்டாம் பக்கத்தில் வெள்ளை இறால். காக்கா ஆழியின் பக்கத்தில் 'முன்பு' என்னும் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கின்றான்.

அவ்வேட்டை இங்கே கொண்டுவந்துள்ளேன். பெரும்பகுதி வெற்றுத்தாளாகவே உளது. எண்ணூர்க்குப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய இடங்களிலிருந்து வந்திருப்போர் கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிட வேண்டா. பின்வரிசையில் பிள்ளைகள் எழுதுகோலோடு இருக்கின்றனர். நண்டின் பெயர்கள் இன்னும் ஒன்றும் ஏறவில்லை.